மீன்குஞ்சுகளைத் தின்றது நான் இல்லை

ஆம்பூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் ஆண்டவர் தயவால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி ஜோசுவாவும் சுகம். என் வலது முட்டி மட்டும் சுகமில்லை, அது உனக்குத் தெரியும், அந்த வீடியோ புண்ணியத்தில் பேரணாம்பட்டு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். நேற்று முன்தினம் போனில் நீ பதினாறு நிமிடம் பேசினாய், அதில் என்னைப் பேச விட்டது "அம்மா, கேக்குதா?" என்று நீ கேட்டதற்கு "கேக்குது" என்று நான் சொன்ன நேரம் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடமும் இப்படித்தான் பேசுகிறாயா என்று மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். அதனால்தான் கடிதம். காகிதத்தை நடுவில் மறிக்க முடியாது, ட்யூட்டிக்கு நேரமாச்சு என்று வைக்கவும் முடியாது. டாக்டர் மூன்று வாரம் காலை நீட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார், எனக்கு வேறு வேலையும் இல்லை.

நீ பார்த்தது நாற்பது வினாடி. ஜோசுவா அனுப்பினானே, அறுபத்தொரு வயதுப் பொம்பளை சேற்றில் பொத்தென்று உட்காருவது, புர்கா போட்ட இன்னொரு பொம்பளை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "யா அல்லா, யா அல்லா" என்று கத்துவது, அதோடு வீடியோ முடிகிறது. அதைப் பார்த்துவிட்டு, வயதான காலத்தில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விழுந்து மானத்தை வாங்குகிறாள் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். உங்கள் ஊரில் ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள் என்று போட்டோ அனுப்பினாய், பிடித்த மீனைத் தடவிக் கொடுத்து மறுபடியும் தண்ணீரில் விடுகிறார்கள் என்றாய். வெள்ளைக்காரர் பிடித்து விட்டால் அது விளையாட்டு, அதற்கு லைசென்ஸ், தொப்பி, எல்லாம் உண்டு. உன் அம்மா பிடித்துக் குழம்பு வைத்தால் அது வேண்டாத வேலை. அந்தக் குழம்பைத் தின்றுதான் நீ நர்சிங் படித்தாய் என்பதை நான் சொல்லிக்காட்ட மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

எட்டு வயதிலிருந்து புங்கனேரியில் தூண்டில் போடுகிறேன். விரால் பிடிப்பவர்கள் வேறு ஜாதி, அவர்களுக்கு அவசரம், அடித்தால் பிடுங்க வேண்டும். நான் கெளுத்திக்காரி. கெளுத்தி கடிப்பது பெண் பார்க்க வருகிற மாதிரி. முதலில் மீசையால் லேசாகத் தொட்டுப் பார்க்கும், போய்விடும், யோசிக்கும், இன்னொரு தடவை வந்து தொடும். அந்த நேரத்தில் ஆசைப்பட்டு இழுத்தால் சம்பந்தம் முறிந்தது. முள்ளை முழுங்கிவிட்டு, கல்யாணம் முடிந்த கையோடு சீர் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாக நடக்கத் தொடங்கும் பார், அப்போதுதான் இழுக்க வேண்டும். இந்தப் பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அப்பா கேட்பார். அவரோடு முப்பத்தாறு வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், வேறு எங்கிருந்து வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி ரொம்பிக் கடைவாசல் வழியாகத் தண்ணீர் வழிந்தது. ஏரியைக் குத்தகை எடுத்திருக்கிற கோவிந்தசாமி கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை டெம்போவில் கொண்டுவந்து விட்டான், விட்ட அன்றைக்குத் தேங்காய் உடைத்தான், எனக்கும் ஒரு மூடி கொடுத்தான். தூண்டில்காரர்களை அவன் ஒன்றும் சொல்வதில்லை, நாங்கள் கெளுத்தியும் ஜிலேபி மீனும்தானே பிடிக்கிறோம். மாசி பிறந்ததும் வலை போட்டுப் பார்த்தால் தண்ணீரும் பாசியும்தான் வந்தது. மறுபடி போட்டான், வாலறுந்த குஞ்சு நாலு வந்தது. உடனே அவன் மூளை வேலை செய்தது. ஏரிக்கரையில் தினமும் உட்கார்ந்திருப்பது யார், சவுரியம்மாள். கையில் பை வைத்திருப்பது யார், சவுரியம்மாள். ஆக எடுத்தது யார்? போலீஸ் டிபார்ட்மென்ட் நல்ல ஆளை இழந்துவிட்டது.

துணி துவைக்கிற பொம்பளைகள் ஏழெட்டுப் பேர், ஆடு மேய்க்கிறவர்கள், ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள், இத்தனை பேர் பார்க்க என் முன்னால் வந்து நின்றான். "இன்னாம்மா, பேரணாம்பட்டு மார்க்கெட்டுல எவ்ளோ குஞ்சு வித்த? திருடி. நான் உனுக்குத் தேங்கா மூடி வேற குடுத்தேன்" என்றான். எனக்குக் காது அடைத்துவிட்டது ஷெர்லின். இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் அப்பர், அதான் ஷூவின் மேல்தோல், தைத்திருக்கிறேன், கேட்டில் தினமும் செக்கிங், ஒரு நூல் துண்டு என் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்தது கிடையாது. இதைச் சொல்லலாம் என்று நான் எழுவதற்குள் அவன் என் மூங்கில் கழியைப் பிடுங்கித் தன் முட்டியில் வைத்து உடைத்தான். முதல் தடவை கழி உடையவில்லை, அவன் முட்டிதான் வலித்தது. ரெண்டாவது தடவைதான் உடைந்தது. மறுநாள் கரையில் போர்டு வைத்தான், தூண்டில் போடத் தடை, மீறினால் நடவடிக்கை. தூண்டிலுக்குத் துணைக்கால் போட மறந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா. "நாலு பேர் கேட்டா நான் இன்னாடி சொல்றது" என்று தலையில் கை வைத்தார். நாலு பேர் கேட்கவில்லை, இவரே பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று நாற்பது பேரிடம் "என் சம்சாரம் மேல வீணா பழி" என்று ஆரம்பித்து, கேட்காதவர்களுக்கும் செய்தியைச் சேர்த்தார். பிறகு என்னிடம் வந்து, "இன்மே ஏரிப் பக்கம் போவாத, தவக்காலம் வேற, ஒரு ஒறுத்தலா வச்சிக்கோயேன்" என்றார். அவர் ஒறுத்தல் இருக்கட்டும், காலைக் காப்பியைக் கூட அவரால் விட முடியவில்லை, என் ஏரியை நான் விட வேண்டுமாம். ஜோசுவா அதற்கும் மேல், "யூடியூப்ல மீன் பிடிக்கிறத பாரும்மா, அதுவே போதும்" என்றான்.

சாயங்காலம் நசீமுன்னிசா வந்தாள். பக்கத்து மெஷினில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள், மீன் வாடையே அவளுக்கு ஆகாது. விஷயத்தை முழுக்கக் கேட்டாள். "கோவிந்தசாமிக்கு தெமாக்கு, மூள, எல்லாம் கெட்டுப் போச்சு. சரி, நெஜமாவே எது துன்னுது அத?" என்றாள். அந்தக் கேள்வி கோவிந்தசாமிக்கு வரவில்லை, உன் அப்பாவுக்கு வரவில்லை, தூண்டிலைக் கையில் தொடாதவளுக்கு வந்தது.

எனக்குப் பொங்கல் முதலே சந்தேகம். கெளுத்திகள் இந்த வருடம் அறவே இல்லை. காலையில் போனால் ஆறு ஏழு கிடைக்கும் இடத்தில் ஒன்று கூட முகம் காட்டவில்லை. தவளைச் சத்தம் இல்லை. நீர்க்கோழி ஏழு குஞ்சுகளோடு போவதைப் பார்த்தேன், அடுத்த வாரம் மூன்று, அதற்கடுத்த வாரம் தாய் மட்டும். பொழுது சாய்கிற நேரத்தில் நாணல் ஓரமாகப் பெரிதாக ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகும், தண்ணீர் வட்டம் கரை வரைக்கும் வரும். அப்படிக் காற்று குடிப்பது நம் ஊர்ச் சின்னக் கெளுத்தி இல்லை. அரசாங்கம் வளர்க்கக் கூடாது என்று தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி. மேட்டுக்கொல்லையில் யாரோ தொட்டி கட்டி வளர்த்தார்கள், அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்றதும் தொட்டி ஒரே நாளில் காலியானது. தொட்டி மீன் இறக்கை முளைத்துப் பறந்தா போகும்? எதைப் போட்டாலும் தின்னும், ஒன்றும் போடாவிட்டால் இருக்கிறதையெல்லாம் தின்னும். இதைப் பஞ்சாயத்து ஆபீசில் தலைவர் முன்னால் சொன்னேன். சிரித்தார்கள். "ஆப்பிரிக்காலேந்து பஸ் ஏறி வந்துச்சாம்மா?" என்று கோவிந்தசாமி கேட்டான், பெரிய நகைச்சுவை என்று அவனே முதலில் சிரித்தான். நான் ஒரு வாரம் கொடு, பிடித்துக் காட்டுகிறேன் என்றேன். "புடிக்கலன்னா கரைப் பக்கமே கால் வைக்கக் கூடாது, திருடுனேன்னு ஒத்துக்கணும்" என்றான். சரி என்றேன்.

கழியால் ஆகிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். மொக்காசின் ஷூவைக் கையால் தைக்கிற மெழுகு நூல், காசு கொடுத்துக் கடையில் வாங்கியது, வீட்டில் ஒரு கண்டு இருந்தது, நானும் நசீமுன்னிசாவும் உட்கார்ந்து பன்னிரண்டு இழை முறுக்கிக் கயிறாக்கினோம். இரை கோழிக் குடல், ஒரு நாள் வெயிலில் வைத்தது. உன் அப்பா அந்த ஒரு நாள் வீட்டிலேயே இல்லை, நல்ல பலன். இந்த வருடம் தவக்காலமும் ரம்ஜானும் ஒரு நாள் முன்னே பின்னே சேர்ந்து வந்தன. நான் மத்தியானம் கஞ்சி மட்டும், அவள் எச்சில் கூட முழுங்காத நோன்பு, ரெண்டு பேரும் டவுன் பஸ்ஸில் அழுகிய கோழிக் குடல் வாளியோடு போனோம். எங்களைச் சுற்றி மூன்று சீட்டுக்கு யாரும் உட்காரவில்லை, இவ்வளவு வசதியாக நான் எப்போதும் பஸ்ஸில் போனதில்லை. காவலுக்கு ஏகாம்பரம் என்று ஒருவரை வைத்திருக்கிறான் கோவிந்தசாமி, அவர் வேலை நாங்கள் மீன் பிடிக்கிறோமா, திருடுகிறோமா என்று பார்ப்பது. பஜ்ஜி தின்றுகொண்டே பார்த்தார்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. ரெண்டாம் நாள் ஒரு ஆமை வந்தது, கோபமாகப் பார்த்தது, மன்னிப்புக் கேட்டுத் தண்ணீரில் விட்டேன். மூன்றாம் நாள் தொட்டது. லேசாக, மீசையால். பெரிய மீன் தொடுவது கயிற்றிலேயே தெரியும், கதவுக்கு வெளியே கனமான ஆள் நிற்பது மாதிரி. முழுங்கியது, நடந்தது, இழுத்தேன், ஒரு நொடிதான். முள் ஆணி மாதிரி நிமிர்ந்து கையில் வந்தது. கோவிந்தசாமி அதை வாங்கிப் பார்த்து, "நீயே நிமித்திட்டு கத சொல்றியா" என்றான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. நசீமுன்னிசா மறுநாள் காலையில் தன் மருமகன் வேலை செய்கிற தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து தோலைத் தொங்கவிடும் இரும்புக் கொக்கி ஒன்று வாங்கி, லேத்துப் பட்டறையில் கூராக்கி வளைத்துக் கொண்டுவந்தாள். "இது மாட்டையே தாங்குச்சு சவுரி, மீனத் தாங்காதா" என்றாள்.

ஆறாம் நாள். மேகம் போட்டு வெயில் இல்லாத சாயங்காலம். கயிற்றின் நுனியைப் புங்க மர வேரில் கட்டியிருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற சத்தம் தூரத்திலிருந்து வந்தது, நசீமுன்னிசா பிஸ்மில்லா சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள், கயிறு நகர்ந்தது. தொடவில்லை, யோசிக்கவில்லை, நேராக நடந்தது. பத்து எண்ணினேன். எண்ணுகிற பத்தும் பத்து வருடம். இழுத்தேன். தண்ணீருக்கு அடியில் யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது, அப்படி ஒரு வெட்டு, நான் முழங்கால் தண்ணீருக்குப் போய்விட்டேன். நீ வாங்கி அனுப்பிய வாட்சு அந்த நேரம் பார்த்துக் கையில் அதிர்ந்து, நீங்கள் உடற்பயிற்சி செய்வது போலத் தெரிகிறதே என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லக் கையில்லை. நசீமுன்னிசா கொட்டையைத் துப்பிவிட்டு, பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காத உடம்போடு ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்தாள். ஏகாம்பரம் போனை எடுத்தார், காப்பாற்ற இல்லை, கோவிந்தசாமிக்குக் காட்டிச் சிரிக்க. என் முட்டி மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். நீ பார்த்தது அதுதான்.

அதற்குமேல் ஏன் வீடியோ இல்லை தெரியுமா? தலை வெளியே வந்தது. முறம் அகலத் தலை, முழ நீள மீசை. ஏகாம்பரம் "எம்மா" என்று கத்தி, போனைக் கரையில் வீசிவிட்டு வேட்டியோடு தண்ணீரில் குதித்தார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டோம், போட்ட பிறகும் அது செதிலில்லாத உடம்பை நெளித்து ஏரியைப் பார்த்துத் திரும்பி ஊர்ந்தது. நசீமுன்னிசா அதன் தலை மேல் வாளியைக் கவிழ்த்து வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே நோன்புக் கஞ்சியைக் குடித்தாள்.

கோவிந்தசாமி வந்தான். அவன் தராசிலேயே நிறுத்தான், பதிமூன்று கிலோ. வயிற்றை அவன் கையாலேயே கிழித்தான். ஒரு நீர்க்கோழிக் கால், தவளை, பிறகு அவன் விட்ட கட்லாக் குஞ்சுகள், பாதி கரைந்து, ஒன்றின் வாலை ஒன்று கடித்த மாதிரி, எடுக்க எடுக்க வந்தது. எண்ணத் தொடங்கினான், நடுவில் நிறுத்திவிட்டான். அப்படியே கரையில் உட்கார்ந்தான். இந்த மீன் ஒன்றில்லை, இன்னும் இருக்கும் என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது. கெக்கலி கொட்டிச் சிரிக்கணும் என்று ஆறு நாளும் நினைத்திருந்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை, இது எனக்கே ஏமாற்றம்தான். மீனை யாரும் தின்னக் கூடாது என்று குழி தோண்டிப் புதைத்தோம். உன் அப்பா வந்து குழியைப் பார்த்த பார்வையை அவர் சொந்தக்காரர் அடக்கத்தில் கூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் கோவிந்தசாமி ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போடு வீட்டுக்கு வந்தான். "தெரியாம பேசிட்டேன்மா, மனசுல வச்சிக்காத, மீதி மீனையும் நீதான் புடிச்சிக் குடுக்கணும்" என்றான். உன் அப்பா டப்பாவை வாங்கக் கை நீட்டினார், நான் பார்த்தேன், மடக்கிக்கொண்டார். "நீ என்னைத் திருடின்னு சொன்னது என் ஊட்டுக்குள்ள இல்ல கோவிந்தசாமி. எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு" என்றேன். போய்விட்டான். வரமாட்டான் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் ஜோசுவா பைக்கில் என்னைக் கூட்டிப்போனான், துவைக்கிற பொம்பளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள், கோவிந்தசாமி வந்து நின்றான். "சவுரிம்மா ஒண்ணும் எடுக்கல, நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஒருத்தி சோப்புக் கையோடு நிமிர்ந்து, "இன்னாது? கேக்கல" என்றாள். மறுபடி சத்தமாகச் சொன்னான். அவளுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும் என்பது என் நம்பிக்கை. போர்டைப் பிடுங்கி ஏகாம்பரம் ஆட்டுக்கு நிழலாகச் சாய்த்து வைத்திருக்கிறார்.

முட்டியை வேலூருக்குப் போய்க் காட்டினேன், எலும்பு முறியவில்லை, ஜவ்வுதான் பிசகியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம். குணமானதும் வாரம் ரெண்டு நாள் போவேன், நசீமுன்னிசாவும் வருவாள், அவளுக்கு மீன் வாடை பழகிவிட்டது. போகக் கூடாது என்று எழுதாதே, எழுதினால் படிக்கத் தெரியாதவள் ஆகிவிடுவேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். கோவிந்தசாமி கழியை உடைத்த அன்றைக்கு ராத்திரி, ஜோசுவா சொல்லி உனக்கு விஷயம் தெரிந்து நீ போன் பண்ணினாய். எடுத்ததும், "ஒண்ணு ரெண்டு எடுத்தியாம்மா? எடுத்திருந்தா பரவால்ல, சொல்லு, எவ்ளோன்னு கேட்டு நான் அனுப்பிட்றேன்" என்றாய். அன்பாகத்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். குக்கர் விசிலடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் அடுப்பே மூட்டவில்லை கண்ணு. கோவிந்தசாமி சொன்னது காதோடு போனது, அவன் யாரோ. கழி போனால் வேறு கழி வெட்டலாம். நீ கேட்டதுக்கு அப்புறம்தான் ஏரியே வேண்டாம் என்று தோன்றியது, அதற்கப்புறம்தான் எப்படியும் பிடித்தே தீர வேண்டும் என்றும் தோன்றியது. கோவிந்தசாமி ஏரிக்கரையில் ரெண்டு தடவை சொல்லிவிட்டான். உன் அப்பா போன ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் அதே நாற்பது பேரிடமும் சொன்னார். இனி நீதான்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மற்றவர்களுக்குச் சொல்லும் நர்சு தனக்கு மறப்பாள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஈஸ்டருக்கு ரெண்டு பேரும் பூசைக்குப் போங்கள், ட்யூட்டி என்று சொல்லாதே. சேசுவும் மாதாவும் உங்களை அந்தக் குளிரிலும் கதகதப்பாக வைத்துக் காக்கட்டும், உன் கைக்கு வரும் நோயாளிகள் எல்லோரும் நடந்து வீட்டுக்குப் போகட்டும். இதைப் படித்ததும் போன் பண்ணு. நான் எடுப்பேன், அடுப்பில் ஒன்றும் இருக்காது.

உன் அம்மா,
தா. சவுரியம்மாள்